சத்தம் போடாமல் ஓதச் சொன்ன உன் அத்தா

என் அன்பு மகனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, புத்தி எப்படி இருக்கிறது என்பதைக் கீழே படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீயும் மருமகளும் என் பேத்தியும் குறைவில்லாத சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். போன் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று கேட்பாய். போனில் உன் பெயர் வந்ததுமே உன் அத்தா ஸ்பீக்கரில் போடு என்கிறார், போட்டால் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் பள்ளிக்கூடம் பிரமாதம், அம்மா பிரமாதம், எல்லாம் பிரமாதம் என்று அவரே சொல்லி முடித்துவிடுகிறார். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், குறுக்கே பேச இதில் இடம் கிடையாது.

முதலில் குடும்பச் சமாசாரம். உன் தங்கைக்கு மசக்கை வாந்தி நின்றுவிட்டது, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், மாப்பிள்ளைக்குத்தான் இன்னும் மயக்கம் தெளியவில்லை, அவள் மாடிப்படி ஏறினால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே ஏறுகிறார், விழுந்தால் பிடிப்பதற்காம், அவர் இருக்கிற இருப்புக்கு அவள் விழுந்தால் இரண்டு பேரையும் சேர்த்து நாங்கள்தான் தூக்க வேண்டும். நீ அனுப்பிய முட்டி வலித் தைலம் நல்ல வாசனை, வலிக்குத்தான் மூக்கு இல்லை போலிருக்கிறது. மாடி வீட்டு மாமி இன்னமும் நம் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பேத்திக்கு முன்பல் விழுந்த போட்டோ பார்த்தேன், வாயை மூடிக்கொண்டு சிரி என்று அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள், பிறகு பல் முளைத்த பின்னும் பிள்ளை சிரிக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தா பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் என் சமையலறையைச் சோதனை போட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். டீத்தூள் நேற்றைவிட இன்றைக்கு ஏன் கூடியது, எண்ணெய்க் குப்பி ஏன் இடது பக்கம் இருக்கிறது, இப்படியே ஒரு வருஷம் என் உயிரை எடுத்தார். நீ வேறு உன் பங்குக்கு, சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, தலைமைப் பண்பு என்று ஒரு தடிப் புத்தகத்தை வாங்கி அனுப்பினாய். அங்கே நீ பத்துப் பேருக்கு டீம் லீடர் ஆகிவிட்டாய், சரி, சந்தோஷம், இங்கே யாரும் இல்லாத வீட்டில் அவர் யாருக்குத் தலைவராவது? அடிக்கோடு போட்டு அடிக்கோடு போட்டு அந்தப் புத்தகத்தில் கோடு இல்லாத வரியே இல்லை. அப்போதுதான் நான் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துத் தாளாளர், அதுதான் அந்த டைல்ஸ் கடைக்காரர், பள்ளிவாசல் வாசலில் செருப்புப் போடுகிற இடத்தில் இவரைப் பிடித்திருக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயரே டைல்ஸ்தான், பார்க்கப் பளபளவென்று இருப்பார், கால் வைத்தால் வழுக்கும். பிஸ்கட்டையே ஒழுங்கு பண்ணினவரு நீங்க, எங்க பிள்ளைங்கள ஒழுங்கு பண்ண மாட்டீங்களா சார் என்று கேட்டிருக்கிறார். உன் அத்தா உருகிவிட்டார். வீட்டைவிட்டுத் தொலைந்தால் சரி என்று நானும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

பதவிக்குப் பெயர் தரத் தலைவர். தலைமையாசிரியை அறைக்குப் பக்கத்து அறை, கதவில் பலகை, அந்தப் பலகை தலைமையாசிரியையின் பலகையைவிடப் பெரிது. அந்த அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடுவதற்குத்தான் அவர் அந்த நாற்காலிக்கே வந்தார். விஷயம் என்னவென்றால் டைல்ஸுக்கு ஒரு தரச் சான்றிதழ் வேண்டும். அதை வாசலில் மாட்டினால் கட்டணத்தை உயர்த்தலாம், பின்னால் இருக்கிற காலி மனையில் இன்னொரு கட்டடம் எழுப்பலாம், அதற்கு எங்கே டைல்ஸ் வாங்குவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சான்றிதழ் கொடுக்கிற குழு வருவதற்குள் பள்ளிக்கூடத்தைத் தரமாக்கியாக வேண்டும், ஓதல் வகுப்பையும் சேர்த்து. மார்க்கக் கல்வியில் தர நிர்வாகம் என்று உன் அத்தா இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேசியபோது டைல்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்.

கம்பெனியில் என்ன செய்தாரோ அதையேதான் செய்தார், அவருக்கு வேறென்ன தெரியும். அங்கே அடுப்பிலிருந்து வருகிற பிஸ்கட்டில் ஒரு சாம்பிள் எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் அந்த வரிசை முழுவதற்கும் சிவப்பு அட்டை கட்டி ஹோல்டு அறையில் ஒதுக்கிவிடுவார்கள். இங்கே வியாழக்கிழமை தோறும் வகுப்புக்குள் வந்து ஐந்தாவது பிள்ளை எழுந்திரு, பத்தாவது பிள்ளை எழுந்திரு என்று நிறுத்திவைத்துச் சோதித்தார். இரண்டாவது வியாழக்கிழமையே என் மாணவிகள் கணக்குப் போட்டுவிட்டார்கள், அவர் ஷூ சத்தம் கேட்டதும் நன்றாக ஓதுகிறவள் நகர்ந்து ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். என்ன ஒரு முன்னேற்றம் பாத்தியா என்று என்னிடம் வந்து பெருமை அடிக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குடம் தூக்குகிறவளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் தரத் தலைவருக்கு மட்டும் தெரியாது. நானும் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்காவது கணக்கு வந்ததே என்று விட்டுவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் காகிதத்தை எடுத்திருக்க மாட்டேன். கம்பெனிச் சிநேகிதரிடமிருந்து சத்தம் அளக்கிற கருவி ஒன்றை வாங்கி வந்தார். நடைபாதையில் அதை நீட்டிக்கொண்டே நடந்தார், எல்லா வகுப்பிலும் முள் அடங்கிக் கிடந்தது, என் அறை வாசலுக்கு வந்ததும் துள்ளிவிட்டது. துள்ளாமல் என்ன செய்யும்? மனனம் செய்கிற வகுப்பு எப்படி இருக்கும் என்று நீயும் சின்ன வயதில் உட்கார்ந்து பார்த்தவன்தான். ஒவ்வொருத்தியும் தன் தன் பாடத்தைத் தன் காதில் விழுகிற மாதிரி வாய்விட்டு ஓதுவாள், எல்லோரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பக்கம். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒருத்தி என் முன்னால் வந்து உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பாள், அவள் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, மூலையில் ஒருத்தி ஒரு ஆயத்து, ஒரே ஒரு வசனம் தாண்டிவிட்டால் அதையும் கேட்டு அவளையும் அதட்டுவேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சமையலறையில் நின்றுகொண்டே வாசலில் யார் என்று தெரிந்துகொள்கிறோம் அல்லவா, அதுதான். உன் அத்தாவுக்கு அது சந்தையாகத் தெரிந்தது. மறுநாள் உத்தரவு வந்தது. ஒருத்தி ஓதும்போது மற்றவர்கள் வாயை மூடி மனதுக்குள் ஓத வேண்டும். மனசுக்குள்ள ஓதினா நாக்குல எப்படிங்க ஏறும் என்று கேட்டேன். ஆதாரம் இருக்கா என்றார். முப்பத்தஞ்சு வருஷம் உங்களோட குப்பை கொட்டினவ சொல்றேன் என்றேன். அது ஆதாரமாகாதாம். தலைவர் என்பவர் முதலில் காது கொடுத்துக் கேட்பவர் என்று நீ அனுப்பிய புத்தகத்தில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார், கேட்டதெல்லாம் கருவியின் காது மட்டும்தான்.

அப்புறம் என் வகுப்பு மீன் தொட்டி ஆகிவிட்டது. வாய் அசையும், சத்தம் வராது, பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். வந்து பார்க்கிறவர்களுக்கு அழகு, ஓதுகிறவர்களுக்கு நாசம். இதில் முதலில் அடிபட்டது பள்ளி வேன் ஓட்டுகிறவரின் மகள். உனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, நெட்டையாக, எப்போதும் குனிந்த தலையோடு இருப்பாள். பேச்சில் திக்குவாய், தன் பெயரைக் கேட்டால்கூட முதல் எழுத்திலேயே நின்று தவிக்கும், அதற்குப் பயந்து யாரிடமும் பேசவே பேசாது. ஆனால் ஓதலில் திக்கியதே இல்லை. குர்ஆனில் பாதிக்கு மேல் நெஞ்சில் வைத்திருந்தாள், என் முன்னால் வந்து உட்கார்ந்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடும், அது அல்லாஹ் கொடுத்தது என்று நினைத்து நான் அதற்கு மேல் யோசித்ததில்லை. முழுக் குர்ஆனையும் மனனம் செய்து முடித்து ஹாஃபிழா ஆக வேண்டும், அந்த ஒரு ஆசைதான் அந்தப் பிள்ளைக்கு, அதைக்கூட வாயால் சொன்னதில்லை, ஒரு நாள் பலகையில் எழுதிக் காட்டினாள். அறை அமைதியான முதல் நாளே அவளுக்கு வாய் கட்டிக்கொண்டது. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறாள், வகுப்பே அவள் வாயைப் பார்க்கிறது, இரண்டு குரங்குகள் கிளுக்கென்று சிரிக்கின்றன. நானும் ஏதோ பழைய பாடத்தை வீட்டில் பார்க்காமல் வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன், திட்டவும் செய்தேன். ஐந்தாவது இடத்துக்காரி வராத ஒரு வியாழக்கிழமை அந்த இடம் இவளுக்கு வந்தது. உன் அத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்து பார்த்தார். அடுத்த வியாழனும் தேடிப் பிடித்துக் கேட்டார். பிறகு அவள் கையில் சிவப்பு அட்டை.

ஹோல்டு அறை என்றால் என்ன என்று நினைக்கிறாய், பழைய ஆய்வுக்கூடம், உடைந்த பெஞ்சும் ஒட்டடையுமாகக் கிடந்ததைப் பெருக்கி வெள்ளையடித்துச் சீரமைப்பு அறை என்று பெயர் வைத்தார்கள். மற்ற வகுப்புகளிலிருந்தும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு அவளும் அங்கே போய் உட்கார்ந்தாள், சீரமைக்கத்தான் ஆள் இல்லை. வேன்காரர் என்னிடம் வந்து, எம் பிள்ளைக்கு வாய் அவ்வளவுதாம்மா, நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க என்று சிரித்தார். வேலை போய்விடுமோ என்கிற பயத்தில் சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குழு வருவதற்கு முன் நடைபாதைக்குப் புது டைல்ஸ் போட்டார்கள், யார் கடை என்று கேட்காதே. டைல்ஸ் அறுக்கிற மெஷின் என் அறைக்கு நேர் வெளியே கத்திக்கொண்டிருந்தது, காதில் விரலை வைத்தாலும் தலைக்குள் கேட்கிற சத்தம். அன்று சீரமைப்பு அறைக்குள் குழுவுக்காக மறுபடி வெள்ளையடித்த ஈரம் காயவில்லை என்று அந்தப் பிள்ளைகளை அங்கங்கே பிரித்து அனுப்பியிருந்தார்கள், இவளும் என்னிடம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் கத்துகிறது, மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள், இவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓதுகிறாள். பக்கத்தில் போய்க் குனிந்து காதைக் கொடுத்தேன். ஒரு எழுத்து தடுக்கவில்லை. மெஷின் நின்றது, அவள் அடுத்த சொல்லில் மாட்டிக்கொண்டாள். மறுபடி மெஷின் கத்தியது, விட்ட இடத்திலிருந்து ஓடினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது மகனே. தன் குரல் தனியாகக் கேட்டால் அவளுக்கு நாக்கு கட்டிக்கொள்கிறது, சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டால் அவிழ்ந்துவிடுகிறது. இத்தனை நாளும் என் வகுப்பின் இரைச்சல்தான் அவளைத் தாங்கியிருக்கிறது, அதைத்தான் உன் அத்தா கருவி வைத்துப் பிடுங்கிவிட்டார். ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். அவர் எனக்கு முன்னால் ஓடி வந்தார், மெஷின்காரனை நிறுத்தச் சொல்வதற்கு. விஷயத்தைச் சொன்னேன். ஒரு தடவை நடந்தா அது தற்செயல் என்றார்.

குழு வந்தது. வந்தவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி தலையாட்டல். என் மீன் தொட்டியைப் பார்த்து எவ்வளவு ஒழுக்கம் என்று வியந்தார்கள். ஒருவர்கூட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எங்கே ஓது கேட்போம் என்று சொல்லவில்லை, அப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்கள் பைக்குள் இருந்த தாளில் இல்லை போலிருக்கிறது. சீரமைப்பு அறைக்குள் சிவப்பு அட்டையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும், ஆஹா, தனிக் கவனம் கொடுக்கிறீர்கள் என்று நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த வேன்காரர் மகளும் அந்தப் போட்டோவில் இருக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் அந்தப் பிள்ளையின் அவமானத்தையும் சான்றிதழுக்கு ஒரு பத்தியாக ஆக்கிவிட்டார்கள். சான்றிதழ் வந்தது, அதில் இரண்டு விஷயத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தது, ஒன்று அமைதியான ஓதல் வகுப்பு, இன்னொன்று அந்த அறை. டைல்ஸ் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். உன் அத்தாவுக்கு அன்றைக்கு நடை ஒரு சாண் உயர்ந்திருந்தது.

அடுத்து நிர்வாகக் கூட்டத்தில் ஹோல்டில் இருக்கிற பிள்ளைகளை மனன வகுப்பிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது. நான் அந்தப் பெண்ணை நம் வீட்டுக்கு வரவழைத்தேன். தற்செயல் தற்செயல் என்கிறீர்களே, நீங்களே சோதியுங்கள் என்று உன் அத்தாவை உட்காரவைத்தேன். வாஷிங் மெஷினை ஓடவிட்டு மிக்ஸியையும் போட்டேன், வெறும் ஜாடி, பிளேடு போனாலும் போகட்டும் என்று. இந்த இடத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், சோதனை என்று வந்துவிட்டால் அவர் பொய் பண்ணத் தெரியாத மனுஷன். குர்ஆனைத் தானே பிரித்து, முன்னால் பின்னால் மாற்றி மாற்றி ஆரம்ப வார்த்தையைக் கொடுத்தார், அவள் ஓதினாள். மெஷினை நிறுத்தினார், திக்கினாள். மறுபடி போட்டார், ஓடியது. அப்புறம் அவளுக்குத் தெரியாமல் பின்பக்கமாகக் கையை விட்டு நடுவிலேயே ஸ்விட்சை அணைத்தார், ஓடிக்கொண்டிருந்த பிள்ளை பாதிச் சொல்லில் அப்படியே நின்றுவிட்டாள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவரே பதறிப்போய் ஸ்விட்சைப் போட்டார். ஓது தாயி, ஓது என்றார். அவர் யாரையும் தாயி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் போன பிறகு, நல்ல சரக்கை ரிஜெக்ட்ல போட்டுட்டேனே என்றார். கம்பெனியில் அதைவிடக் கேவலம் வேறு கிடையாதாம், கெட்டதை வெளியே விட்டால்கூட மன்னிப்பார்களாம். கூட்டத்தில் தானே பேசுவதாகச் சொன்னார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரில் புதுச் சான்றிதழ். டைல்ஸ் எடுத்த எடுப்பிலேயே, அந்த அமைதி வகுப்புதான் சார் நம்ம பேரையே தூக்கி நிறுத்திருக்கு, அடுத்த வருஷம் திரும்ப வந்து பார்ப்பாங்க, இம்மி குறையக் கூடாது என்றார். பட்டியலைப் படித்தார்கள், வேன்காரர் மகள் பெயரும் வந்தது. நான் உன் அத்தாவைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார், தரத்தை மேலும் உயர்த்தச் சில யோசனைகள் உள்ளன என்று ஆரம்பித்தார். டைல்ஸ் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம் சார், இந்தப் பட்டியல்ல வேற ஏதாவது இருக்கா என்று கேட்டார். உன் அத்தா பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். இல்ல என்றார்.

நான் எழுந்துவிட்டேன். டைல்ஸ் மெஷின், வாஷிங் மெஷின், மிக்ஸி என்று நடந்தது அத்தனையும் சொன்னேன், இவரே சோதித்தார் என்றும் சொன்னேன். மிக்ஸி என்றதும் நாலு பேர் சிரித்தார்கள், தலைமையாசிரியை சிரிக்கலாமா கூடாதா என்று டைல்ஸைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்படியா சார் என்று டைல்ஸ் இவரைக் கேட்டார். உன் அத்தா என் பக்கம் திரும்பாமல், அது வீட்டுல ஏதோ விளையாட்டா செஞ்சது என்றார். அவ்வளவுதான். பேனா மூடப்பட்டது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள், எழுந்து கண்ணைத் துடைத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறவனை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முட்டாளோடு நான் காலம் முழுக்கக் குடும்பம் நடத்துவேன் மகனே, நடத்தியும் இருக்கிறேன், ஐந்தாவது பிள்ளை எழுந்திரு என்று சொன்னபோதுகூட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தெரிந்துகொண்டே பொய் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குச் செரிக்கவில்லை, அதுவும் அந்தப் பதவிக்காக, அந்தப் பலகைக்காக. டைல்ஸ் மேல் எனக்கு இவ்வளவு இளப்பம் கிடையாது, கடைக்காரன் கடைக்காரனாக இருக்கிறான். சோதனையில் பொய் பண்ணாத மனுஷன் சபையில் பொய் பண்ணினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டேன். முட்டி வலிக்காக ஓய்வெடுத்துக்கொண்டாள் என்று உன்னிடம் சொல்லியிருப்பார், ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், நம்பாதே. இப்போது காலையில் நம் கூடத்திலேயே ஓதிக்கொடுக்கிறேன். முதலில் வேன்காரர் மகள் மட்டும்தான் வந்தாள், ஒருத்தி மட்டும் இருந்தால் இரைச்சலுக்கு எங்கே போவது, வாஷிங் மெஷினைத் துணியே இல்லாமல் ஓடவிட்டேன். அப்புறம் சொல்லாமலே மற்றவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் வந்து ஓதிவிட்டுப் போகிறார்கள். வேன்காரர் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தி இறக்கிவிடுகிறார், வாசல் வரை வந்தால் டைல்ஸ் காதுக்குப் போய்விடுமாம். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டேன். மாடி வீட்டு மாமி சத்தம் என்று சண்டைக்கு வந்தாள், வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனாள், இப்போது தினமும் கேட்கிறாள், தண்ணீர்த் தொட்டியை விட்டுவிட்டாள். அந்தப் பெண் நின்ற இடத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறாள், அல்லாஹ் நாடினால் முடித்துவிடுவாள்.

ஒன்றே ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களும் வர ஆரம்பித்த இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, எல்லோரும் உச்சத்தில் ஓதிக்கொண்டிருக்கும்போது உன் அத்தா டையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி கூடத்து வழியாக வந்தார். அந்தப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டாள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அவள் வாய் கட்டிக்கொண்டது. இதே வீட்டில் ஓது தாயி என்று சொன்ன ஆள்தான், அந்த ஆளைப் பார்த்துத்தான். மற்றவர்கள் ஓதிக்கொண்டே இருந்தார்கள், அவள் மட்டும் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் வாசலைத் தாண்டிப் போகும் வரைக்கும். அவர் அதைப் பார்த்தார், நானும் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவர் கூடத்துப் பக்கமே வருவதில்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சமையலறை வழியாகப் பின்வாசலில் இறங்கி, குப்பைத் தொட்டியைத் தாண்டிச் சந்துக்குப் போய் அங்கே நின்று ஷூ போட்டுக்கொள்கிறார். தரத் தலைவர் ஆனதிலிருந்து அவர் எடுத்த ஒரே உருப்படியான முடிவு அதுதான்.

நீயும் பத்துப் பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாய், அதனால் சொல்கிறேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போது வேற ஏதாவது இருக்கா என்று உன்னை ஒருவன் கேட்டால், இருந்தால் இருக்கிறது என்று சொல், தண்ணீரை அப்புறம் குடி. அந்தத் தடிப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் என்று ஏதாவது வந்திருந்தால் தயவு செய்து வாங்காதே. அத்தாவிடம் பேசும்போது இதையெல்லாம் கேட்டுச் சண்டை போடாதே, மரியாதைக் குறைவாக ஒரு சொல் வரக் கூடாது, அவரை இளப்பமாகப் பேசுகிற பாத்தியதை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்டு. அவருக்குப் பிரஷர் மாத்திரை தவறாமல் எடுத்து வைக்கிறேன், சாப்பாடும் சூடாகத்தான் போடுகிறேன், பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டேன், அமைதி என்றால் அவருக்குத்தான் பிடிக்குமே.

உன் நாக்குக்கும் மனசுக்கும் நடுவில் வேலி விழாமல் அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கையில் பரக்கத்தையும் உன் வீட்டில் சிரிப்பையும் நிறைக்கட்டும். மருமகளுக்கு என் ஸலாம், அவள் முதுகு வலிக்கு வேலைக்கு நடுவில் எழுந்து நடக்கச் சொல். பேத்திக்கு முத்தம். ஃபஜ்ரு தொழுகையை அலாரத்தை நம்பி விட்டுவிடாதே. காலை நேரத்தில் மட்டும் எனக்குப் போன் போடாதே, போட்டாலும் எடுக்க மாட்டேன், கூடத்தில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
உனக்கு எப்போதும் துஆ செய்கிற
உன் அம்மா